நோக்கம்: கொண்டாட்டம்

கால்பந்து மைதானத்துக்குள் புகைக் குண்டு கொண்டுவந்த குற்றத்துக்காக இந்த ஆண்டு பிடிபட்டவர்கள் மொத்தம் ஒரு பேர். அந்த ஒரு பேர் நான்தான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. மைதானத்தின் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. என் வயது, உயரம், தோள்பையின் நிறம் வரைக்கும் போட்டிருக்கிறார்கள். அதே ஆண்டில் வடக்குப் பக்கத்து இருக்கைகளிலிருந்து பதினெட்டு ஆட்டங்களில் புகை கிளம்பியது. ஒரு தடவை புகை அடங்கக் காத்திருந்தே பாதி ஆட்டம் போயிற்று. அவற்றையெல்லாம் கொண்டுவந்தது யாரென்று தெரியவில்லை என்று அதே அறிக்கையின் அடுத்த பக்கம் சொல்கிறது. ரொட்டியின் வயிற்றைக் குடைந்து உள்ளே வைத்துக் கொண்டுவருகிறார்கள், ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறார்கள், இன்னும் சொல்லக்கூடாத இடங்களில் எல்லாம் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். நான் பையில் எடுத்துப்போய், வாசலில் நின்று, உள்ளே இன்னது இருக்கிறது என்று சொன்னேன். மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவ்வளவுதான்.

என் வேலை அப்படி. படகுத்துறையில் படகு படகாக ஏறி உயிர்காப்புச் சாமான்களைப் பரிசோதிக்கிறவன் நான். லைஃப் ஜாக்கெட்டின் தையல் விட்டிருக்கிறதா, மிதவை வளையம் வெடித்திருக்கிறதா, ஃப்ளேரும் புகை டப்பாவும் தேதிக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஃப்ளேர் என்பது கையில் பிடித்து எரிக்கிற குச்சி. சிவப்பாக எரியும். புகை டப்பா ஆரஞ்சு நிறத்தில் புகையும். நடுக்கடலில் தத்தளிக்கிறவன் இதைக் கொளுத்தினால், தூரத்தில் போகிறவன் பார்த்துவிட்டு உதவிக்கு வருவான். வராமலும் போவான். அது பரிசோதகன் பொறுப்பில் சேராது.

இரண்டுக்கும் ஆயுள் மூன்று வருடம். தேதி முடிந்ததைப் படகில் வைத்திருக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, கடலில் எறியக் கூடாது, ஆபத்தில்லாத நேரத்தில் கொளுத்தக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உரிய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த உரிய அதிகாரியைப் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். துறைமுக அலுவலகம் தீயணைப்பு நிலையத்துக்குப் போ என்னும். தீயணைப்பு நிலையம் காவல் நிலையத்தைக் கை காட்டும். காவல் நிலையத்தில், இது கடல் சாமான், துறைமுக அலுவலகத்துக்குப் போங்கள் என்பார்கள். மூன்று பேரும் என்னைப் பந்தாடியதில் கால்பந்தின் அடிப்படை எனக்கு அப்போதே ஓரளவு புரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை ஒரு மீன்பிடிப் படகிலிருந்து ஏழு சாமான்களை எடுத்தேன். நான்கு ஃப்ளேர், மூன்று புகை டப்பா. தீயணைப்பு நிலையத்தில் ஒரு நல்ல மனிதர், "கொண்டாங்க, பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் மைதானக் காவலுக்குப் போயிருப்பதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. மணி மூன்றரை. நாலு மணிக்கு அதே மைதானத்தில் என் மகளுக்கு ஆட்டம்.

மகளுக்குப் பதினேழு வயது. ஊர்க் கழகத்தின் பெண்கள் அணியில் கோல் கீப்பர். முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல்களை உள்ளே விட்டாள் என்பதற்காக அவளுடைய தோழிகள் அவளுக்குக் 'கதவு' என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவளைத் தாண்டி எறும்பு போகாது. ஆனால் வைத்த பெயர் வைத்ததுதான், வீட்டிலும் கதவுதான். ஆறு வருடத்தில் அவளுடைய ஒரு ஆட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எதிரணி பெனால்டி உதைப்பதற்கு முன்னால் ஒருதரம் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். அதில் ரகசியம் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் பாய வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா இருக்கிறேன் என்று சொல்வதற்காக ஆட்டுவது. வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வர நேரமில்லை, வைக்கவும் கூடாது. ஆகவே பையோடு போனேன்.

வாசல் காவலாளி தடித்த மனிதர். காதில் இயர்போன். பையைப் பார்க்காமலே போ போ என்று கையசைத்தார்.

"சார், இதுல ஃப்ளேர் நாலு, புகை டப்பா மூணு இருக்கு. எல்லாம் தேதி முடிஞ்சது. எங்க வைக்கலாம்?" என்று கேட்டேன்.

அவர் இயர்போனைக் கழற்றினார். "என்னது?"

மறுபடியும் சொன்னேன்.

"உள்ள கொண்டுபோகக் கூடாதுங்க."

"அதான் கேக்கறேன். இங்க வெளிய வச்சுட்டுப் போகலாமா?"

"கேப்பாரில்லாம வெளிய வச்சா அது தனிக் கேஸ்."

"அப்ப நான் திரும்பிப் போயிடறேன்."

"போயிருக்கலாம். ஆனா எங்கிட்ட சொல்லிட்டீங்களே. சொன்னப்புறம் எப்படி விடறது?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாலு வருஷமா இந்த வாசல்ல நிக்கறேன். எத்தனையோ பேர் கொண்டுபோறாங்க. ஒருத்தராவது சொல்லியிருப்பாங்களா? எல்லாம் நல்ல மனுஷங்க."

பையை அவரே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பாதுகாப்பு அறை மைதானத்துக்குள் இருக்கிறது. ஆகவே தடை செய்யப்பட்ட பொருள் மைதானத்துக்குள் வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர் காவலாளிதானே என்று கேட்டேன். அவர் தூக்கியது என் சார்பில் என்று சொன்னார்கள்.

அறையில் படிவம் நிரப்புவதற்கென்றே ஒருவர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் இருந்த அத்தனை நேரமும் அது கண்ணுக்கு இறங்கவில்லை. பொருளின் பெயர் என்ற இடத்தில் புகைக் குண்டு என்று எழுதினார்.

"டப்பான்னு போடுங்க சார். படகுல அப்படித்தான் சொல்லுவோம்."

"டப்பாவுக்குச் சட்டத்துல தண்டனை இல்லையே," என்றார். அடுத்த வரிக்குப் போனார். "நோக்கம்?"

"யாரோட நோக்கம்?"

"புகையோட நோக்கம்."

"ஆபத்துல மாட்டிக்கிட்டவங்க உதவி கேக்கறதுக்கு."

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நோக்கம் என்ற வார்த்தைக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று கொண்டாட்டம். இன்னொன்று கலவரம்.

"உதவிக்குக் கட்டம் போடலைங்க. கொண்டாட்டமா, கலவரமா?"

"ரெண்டும் இல்லைங்க."

"ரெண்டும் இல்லேன்னா படிவம் முடியாது. படிவம் முடியலேன்னா நீங்க வெளிய போக முடியாது."

அப்போது அறைக் கதவின் அடியிலிருந்து நீல நிறத்தில் புகை உள்ளே நுழைந்தது. அடுத்து நடக்கப்போகிற ஆண்கள் ஆட்டத்துக்கு வந்திருந்த வடக்குப் பக்கத்துக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். படிவக்காரர் இருமிக்கொண்டே எழுந்து போய்க் கதவிடுக்கில் ஒரு துணியைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது?" என்று கேட்டேன்.

"அது யாருன்னு தெரியாதுங்க. உங்களைத்தான் தெரியும்."

வெளியே விசில் ஊதியது. என் மகள் ஆட ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டுல எதுக்குத் தண்டனை குறைச்சல்?"

"கொண்டாட்டம்."

"அதையே போட்டுக்குங்க," என்றேன். இப்படித்தான் நான் கொண்டாடினேன்.

மறுநாள் மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசினார். என் ஏழு சாமான்களும் மேஜையில் வெள்ளைத் துணி மேல் வரிசையாக இருந்தன. "நாற்பதாயிரம் பேர் வருகிற இடத்தில் எல்லோரையும் சோதிப்பது என்பது நடக்கிற காரியமல்ல. சோதித்தால் வரிசை நீளும், வரிசை நீண்டால் மக்கள் கோபப்படுவார்கள். ஆகவே தாங்களாகவே வந்து சொல்கிறவர்கள் மீது எங்கள் முழு கவனத்தையும் செலுத்தி வருகிறோம். இந்த முறையில் பிழைக்கு இடமே இல்லை. பிடிபட்டவர் குற்றவாளிதானா என்ற சந்தேகம் ஒரு நிமிடம்கூட எழவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்," என்றார். அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது.

என் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். செய்தியை அங்கேயே டிவியில் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்க டாக்டர் நாள் பூரா வாயைத் திறங்க வாயைத் திறங்கன்னு கெஞ்சறார், ஒருத்தரும் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்க கேக்காமலே திறக்கறீங்க. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி." அதற்குமேல் அவள் திட்டவில்லை. சாப்பிட வாங்க என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வழக்கு முடியும்வரை எனக்குத் தடை. மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. கழகத்தின் எந்த அணிக்கு ஆட்டம் இருந்தாலும், ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாலிருந்து முடிந்து ஒரு மணி நேரம்வரை காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வரும்போது ஒரு கையெழுத்து, போகும்போது ஒன்று. அங்கே இருந்த காவலர் கால்பந்துப் பைத்தியம். ஆண்கள் ஆட்டம் ஒவ்வொன்றையும் சத்தமாக டிவியில் போடுவார். ஆட்டம் பார்க்கக் கூடாதென்று தண்டிக்கப்பட்ட நான் அந்த வருடத்து ஆண்கள் ஆட்டம் அத்தனையும் பார்த்தேன். பெண்கள் ஆட்டம் டிவியில் வராது. அந்த நாட்களில் அவரும் நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

வீட்டுக்கு வந்து மகள் சொல்வாள். ஒருநாள், "பெனால்டி ஒண்ணு விட்டுட்டேன்பா," என்றாள்.

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன். உங்க இடத்துல யாரோ குடை வச்சுக்கிட்டு நின்னாங்க."

முதல் மாதம் வெட்கமாக இருந்தது. இரண்டாவது மாதம் கோபம் வந்தது, ராத்திரியெல்லாம் அந்தப் பாதுகாப்பு அதிகாரியோடு மனசுக்குள் வாதாடினேன். பிறகு அதுவும் போய்விட்டது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகும் அல்லவா, அதுமாதிரி நான் மொத்தமாக மரத்துப்போனேன். கிள்ளினால் எங்கே கிள்ளுகிறார்கள் என்று தெரியும், வலிக்காது. யார் என்ன சொன்னாலும் சரிங்க என்றேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. என் வக்கீல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். எனக்குப் புத்திமதியாக ஒன்றுதான் சொன்னார்: "தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க." பிறகு நீதிபதியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "கனம் நீதிபதி அவர்களே, காலாவதியான மருந்து மருந்தல்ல. காலாவதியான பயணச்சீட்டு பயணச்சீட்டல்ல. அதுபோலக் காலாவதியான புகைக் குண்டு புகைக் குண்டே அல்ல. இல்லாத பொருளை என் கட்சிக்காரர் எப்படிக் கொண்டுவந்திருக்க முடியும்?"

நீதிபதி நியாயமான மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. வாதத்தை அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பொருள் வேலை செய்கிறதா என்று நிபுணரை வைத்துச் சோதிக்க உத்தரவிட்டார்.

நீதிமன்றத்துக்குள் எரியும் பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. நிபுணர் ஒரு பெட்டியோடு வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முற்றத்தில் எல்லோரும் வட்டமாக நின்றோம். அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு முதல் ஃப்ளேரைக் கொளுத்தினார். அது ஒரு நிமிடம் முழுக்கச் சிவப்பாக, கண் கூசுகிற மாதிரி எரிந்தது. நான் பரிசோதகன், மூன்று வருடம் தாண்டிய சரக்கு இப்படி எரிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீதிபதி தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார். "எரிந்ததால் இது ஃப்ளேர் என்பது நிரூபணமாகிறது. ஆனால் எரிந்துபோனதால் இது இப்போது ஃப்ளேர் அல்ல, சாம்பல். சாம்பலை வைத்து வழக்கு நடத்த முடியாது. மீதி ஆறும் எரியுமா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைக் கொண்டு ஒரு குடிமகனைத் தண்டிக்க இந்த நீதிமன்றம் ஒருநாளும் துணியாது. ஆகவே அடுத்த விசாரணையில் இரண்டாவதைக் கொளுத்தவும்."

ஒரு விசாரணைக்கு ஒன்று வீதம் நான்கு ஃப்ளேரையும் எரித்தார்கள். மாதம் நான்கு ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அதே வட்டம், அதே கையுறை, அதே வாசகம், எண் மட்டும் மாறும். முற்றத்தில் இருந்த மரத்தில் ஒரு பக்கம் இலை கருகிவிட்டது. ஐந்தாவது மாதம் முதல் புகை டப்பாவைக் கொளுத்தியபோது ஆரஞ்சுப் புகை ஆவண அறைக்குள் புகுந்து, தட்டச்சு செய்கிற அம்மா இருமி இருமி வெளியே ஓடிவந்தார். அன்றைக்கு எல்லா வழக்குகளையும் ஒத்திவைத்தார்கள்.

"கோர்ட்டுக்குள்ள புகை விட்டது யாருன்னு கேஸ் வருமா?" என்று வக்கீலிடம் கேட்டேன்.

"அது சோதனைங்க," என்றார்.

மிச்சம் இருந்தது இரண்டு டப்பா. அப்போது அரசு வக்கீல் எழுந்து புதிதாக ஒரு கேள்வியைக் கிளப்பினார். குற்றம் நீதிமன்ற முற்றத்தில் நடக்கவில்லை, மைதானத்தில் நடந்தது. அங்கே காற்று வேறு, கூட்டம் வேறு. அந்த இடத்தில், அந்தச் சூழலில் கொளுத்தினால்தான் பொதுமக்களுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று தெரியும். நீதிபதிக்கு இதிலும் நியாயம் தெரிந்தது. இரண்டு டப்பாக்களையும் மைதானத்தில் வைத்துக் கொளுத்தி நேரடி ஆய்வு செய்ய உத்தரவாயிற்று.

தேதிக்காகப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பதக்கத்தோடு வந்து நின்றார். "ஆட்டம் இல்லாத நாட்களில் புல்லுக்கு ஓய்வு, யாரும் மிதிக்கக் கூடாது. ஆண்கள் ஆட்டத்தின் நடுவில் கொளுத்தினால் டிவிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி பெண்கள் இறுதி ஆட்டம் இருக்கிறது. இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம். பெண்கள் ஆட்டம்தானே, யாருக்கும் இடைஞ்சல் இருக்காது," என்றார்.

இருபத்திரண்டாம் தேதி கதவின் இறுதி ஆட்டம். அந்த அணியில் பதினெட்டு நிறையும்வரைதான் ஆடலாம், அவளுக்கு அடுத்த மாதம் பதினெட்டு. தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அன்றைக்குத்தான் பார்க்க வருகிறார்கள். மூன்று வாரமாக அவள் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான். எனக்கு மரத்துப்போயிருந்த இடத்தில் முதல்தடவையாக எதுவோ சுருக்கென்றது. எழுந்துவிட்டேன்.

"ஐயா, ஒரே ஒரு விஷயம். அந்த ரெண்டு டப்பாவும் ஈரம் பட்டது. கொளுத்தி எரியலேன்னா, எரியலன்னு உடனே முடிவு பண்ணிடக் கூடாது. பழைய சரக்கு உள்ளுக்குள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருக்கும், திடீர்னு கிளம்பும். தண்ணி வாளியில போட்டு வைக்கணும். ஆளுங்க பக்கத்துல வைக்கவே கூடாது."

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "புகைக் குண்டைப் பயன்படுத்தும் முறை தனக்கு முழுமையாகத் தெரியும் என்று குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதைப் பதிவு செய்ய வேண்டும்." பதிவு செய்தார்கள். வாளியைப் பற்றிப் பதிவு செய்யவில்லை. என் வக்கீல் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன சொன்னேன் உங்ககிட்ட?" என்றார்.

இறுதி ஆட்டத்தன்று காவல் நிலையம் பூட்டிக் கிடந்தது. நேரடி ஆய்வுக்குப் பாதுகாப்பாக எல்லோரும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கையெழுத்துப் பதிவேட்டையும் கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் குற்றம். மைதானத்துக்குப் போனால் குற்றம். தொலைபேசியில் கேட்டதற்கு, நாலு மணி நேரத்துக்குத் தற்காலிக அனுமதி தந்தார்கள். கிழக்கு வாசலுக்கு வெளியே, மைதானச் சுவரை ஒட்டி ஒரு மேஜை போட்டார்கள். நான் உள்ளே பார்த்துவிடாமல் இருக்க நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். என் பழைய காவலர் வாசல் கம்பிக்கு இடையில் எட்டிப் பார்த்தபடி நின்றார். அவர் நல்ல மனிதர், பார்ப்பதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பாதியில் எங்கள் பெண்கள் ஒரு கோல் போட்டார்கள். கதவு இரண்டு பந்தைத் தடுத்தாள். "தேர்வாளருங்க எழுதறாங்க, எழுதறாங்க," என்றார் காவலர். இடைவேளையில் நீதிபதி, நிபுணர், இரண்டு வக்கீல்கள், பாதுகாப்பு அதிகாரி எல்லோரும் களத்துக்குள் போனார்கள்.

"முதல் டப்பா நல்லா எரியுது. ஜட்ஜ் ஐயா கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டார். ரெண்டாவது கொளுத்தறாங்க. எரியல. நிபுணர் குலுக்கிப் பாக்கறார். எரியல."

"குலுக்கக் கூடாதுங்களே," என்றேன். "தண்ணி வாளி இருக்கா?"

"வாளி கேட்டு எழுதினாங்களாம். அனுமதி இன்னும் வரலையாம். இதோ, விசில் ஊதிட்டாங்க, ரெண்டாவது பாதி ஆரம்பிக்குது. டப்பாவை ஓரமா வச்சுட்டு வந்துட்டாங்க."

"எங்க?"

"தெற்குக் கோலுக்குப் பின்னால, வலையை ஒட்டி." மறுபடி கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க பொண்ணு இப்ப அங்கதான் நிக்குது."

அது நான் எப்போதும் நிற்கிற இடம். எழுந்தேன்.

"உக்காருங்க. எழுந்தீங்கன்னா நான் எழுதணும்."

"ஒரு ஆளை அனுப்பி அதை எடுக்கச் சொல்லுங்க. ஓடிப் போய்ச் சொல்லிட்டு வாங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும்ங்க." ஆனாலும் வயர்லெஸ்ஸில் பேசினார். பாதுகாப்பு அதிகாரியின் குரல் எனக்கும் கேட்டது: "சோதனை முடிவு பதிவாகிவிட்டது. எரியவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. எரியாதது எரியாது."

உட்கார்ந்தேன். சுவரில் சிமெண்ட் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நிமிடங்களை எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. இருபத்தைந்தாவது நிமிடம் உள்ளே பெரிய கூச்சல்.

"பெனால்டி," என்றார் காவலர். "அவங்களுக்கு. போச்சு."

கூச்சல் அடங்கியது. உதைக்கிற பெண் பந்தை வைக்கிறாள் என்று தெரிந்தது. இந்த நேரத்தில்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

சுவருக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் புகை எழுந்தது. அடர்த்தியாக, கொழுகொழுவென்று, நடுக்கடலில் பத்து மைல் தூரத்துக்குத் தெரிகிற புகை. விசில் ஊதியது. உதைக்கிற சத்தம் கேட்டது. உடனே இன்னொரு சத்தம், பந்து கையுறையில் அறைகிற சத்தம். ஆறு வருடமாகக் கேட்கிறேன், எனக்கு அது தப்பாது. அதற்குப்பின் ஆளாளுக்கு விசில் ஊதினார்கள், ஓடினார்கள், மணி அடித்தது. "ஒண்ணும் தெரியலைங்க," என்றார் காவலர்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. நடுவர் கண்ணில் படாதது நடக்காதது என்பது விதி, ஆகவே அந்தப் பெனால்டி நடக்கவில்லை. ஓர் அணியின் கோல் பக்கத்திலிருந்து புகை வந்தால் அந்த அணி தோற்றதாக அறிவிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி, ஆகவே எங்கள் பெண்கள் தோற்றார்கள். தேர்வாளர்கள் பாதியில் நின்ற ஆட்டத்தின் குறிப்புகள் செல்லாது என்று தாள்களைக் கிழித்துவிட்டுப் போனார்கள். நீதிபதி வெளியே வரும்போது முகத்தில் திருப்தி நிறைந்திருந்தது. "புகையால் பொதுமக்களுக்கு ஆபத்து உண்டு என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. இனி தீர்ப்பு எழுதத் தடையில்லை," என்றார். பாதுகாப்பு அதிகாரி அவருக்குக் கை கொடுத்தார்.

பிறகு படிவக்காரர் என் மேஜைக்கு வந்தார். கண்ணாடி அதே நெற்றியில். தீர்ப்பு வரும்வரை சான்றுப்பொருள்கள் குற்றம் சாட்டப்பட்டவருடைய உடைமை. ஆகவே இன்றைக்கு மைதானத்தில் எழுந்த புகை என்னுடையது. இரண்டாவது குற்றம். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சரிங்க என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு வந்தாள். முடி, புருவம், காது மடல் எல்லாம் ஆரஞ்சு. கையுறையைக் கழற்றவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது, அது புகையாலா என்று நான் கேட்கவில்லை.

"புடிச்சேன்பா," என்றாள்.

"தெரியும்."

"வலது பக்கம். கெட்டியாப் புடிச்சேன். யாருமே பாக்கல."

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேன். நீங்க நிக்கற இடத்துலேருந்துதான் புகை வந்துச்சு." மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான்னு நெனச்சுக்கிட்டேன்."

"நோக்கம்?" என்று கேட்டார் படிவக்காரர்.

நான் வாயைத் திறக்கும் முன் கதவு குனிந்து படிவத்தைப் பார்த்தாள்.

"ரெண்டே கட்டம்தானா சார்?"

"ரெண்டேதான்மா."

"கொண்டாட்டம்னே போடுங்க. இறுதி ஆட்டத்துல பெனால்டி புடிச்சிருக்கேன்ல."

பேனா நின்றது. "நடுவர் அப்படி எதுவும் நடக்கலைன்னு எழுதியிருக்காரும்மா. நீ புடிச்சதுக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். காவலர் தரையைப் பார்த்தார். வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"இருக்கேன்," என்றேன். "நான் சாட்சி."

படிவக்காரர் முதல்தடவையாகக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணுக்குப் போட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க தடையை மீறி ஆட்டம் நடந்த இடத்துல இருந்திருக்கீங்க," என்று சொல்லிக்கொண்டே புதிதாக இன்னொரு படிவத்தை எடுத்தார்.